எந்த லீகில் ஆடுவது? புனே இளையோர் கால்பந்து கிளப்புகளின் கணக்கு

புனே: ஐ.எஸ்.எல்., ஐ-லீக் ஆகிய தொடர்களில் நான்கு அணிகளைக் களமிறக்கிய புனே நகரில், 2019-க்குப் பிறகு அந்த மட்டத்தில் ஆடும் கிளப் ஒன்றுகூட இல்லை. நகரின் இளையோர் கிளப்புகள் தங்கள் சிறுவர்களை எந்த லீகில் சேர்ப்பது என்று முடிவு செய்வதில் இந்த வெற்றிடத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

2007-இல் தொடங்கப்பட்ட புனே எஃப்.சி. 2015-இல் ஐ-லீகிலிருந்து விலகியது. கல்யாணி குழுமத்தின் பாரத் எஃப்.சி. ஒரே ஒரு பருவம், 2014-15-இல் மட்டும், ஆடியது. டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் 2016-17 பருவத்துடன் நின்றது. புனே எஃப்.சி.யின் அகாதெமியை ஏற்ற எஃப்.சி. புனே சிட்டியும் 2019-இல் கலைக்கப்பட, அதன் ஐ.எஸ்.எல். இடம் ஹைதராபாத் எஃப்.சி.க்குச் சென்றது. அகாதெமிச் சிறுவர்கள் மேலே ஏறுவதற்கு உள்ளூரிலேயே இருந்த ஏணி இவ்வாறு அகற்றப்பட்டது.

எஞ்சியுள்ள வழிகளில் முதலாவது, புனே மாவட்ட கால்பந்து சங்கத்தின் போட்டிகள். பயணம் குறைவு, செலவும் குறைவு. அடுத்த படி, அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் தேசிய இளையோர் லீகுகள். இவை வெவ்வேறு வயதுப் பிரிவுகளில் நடைபெறுகின்றன. மேல் பிரிவின் வரம்பு 17 என்றும் 18 என்றும் மாறி வந்துள்ளது. ஓர் ஆண்டு வேறுபாடு நிர்வாகத்துக்குச் சிறியதாகத் தோன்றலாம். பிறந்த ஆண்டால் வெளியே நிறுத்தப்படும் சிறுவனுக்கு அது ஒரு முழுப் பருவம்.

தேசிய லீகில் ஆட்டத்தின் தரம் உயர்வு. பெரிய கிளப்புகளின் தேர்வாளர்கள் பார்க்கும் வாய்ப்பும் அதிகம். ஆனால் சுமார் 150 கி.மீ. தொலைவிலுள்ள மும்பையில் ஓர் ஆட்டம் என்றால், வண்டி, உணவு, உடன் செல்லும் பெரியவர், ஒரு நாள் பள்ளி விடுப்பு என அனைத்தையும் யாரோ ஒருவர் சுமக்க வேண்டும். கிளப்பிடம் பணம் இல்லையெனில் அச்சுமை பெற்றோர் மீது விழுகிறது. அப்போது அணியில் இடம் பெறுவதைத் திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை.

மூன்றாவது வழி, தனியார் நடத்தும் லீகுகளும் செயற்கைப் புல் திடல் போட்டிகளும். வார இறுதியில் ஆட்டம், உடனடிக் கோப்பை, சமூக ஊடகத்தில் படம். பெற்றோருக்கு இது பிடித்துப்போவதில் வியப்பில்லை. எனினும் சங்கத்தின் அங்கீகாரம் பெறாத போட்டியில் மட்டும் ஆடும் சிறுவனின் பெயர் சம்மேளனத்தின் மையப் பதிவு முறையில் ஏறாமலே போகலாம்.

இதன் விலை பின்னாளில்தான் தெரியும். ஃபிஃபா விதிகளின்படி, ஒரு வீரர் பிற்காலத்தில் வெளிநாட்டுக் கிளப்புக்கு மாறும்போது செலுத்தப்படும் தொகையில் 5 சதவீதம், அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பகிரப்பட வேண்டும். அதற்கு ஆதாரம் பதிவு ஆவணமே. பதிவு இல்லாத கிளப், தான் வளர்த்த வீரருக்கு உரிமை கோருவது கடினம். சிறிய கிளப்புக்கு அத்தகைய வாய்ப்பு அரிது என்பது உண்மைதான். ஆயினும் பதிவுக்கான உழைப்பை ஒப்பிட்டால், அதைத் தவிர்ப்பதற்கு நியாயம் குறைவு.

இக்குழப்பம் புனேக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் தேசியச் சம்மேளனத்தின் டெவலப்மென்ட் அகாதெமி லீக் 2020 ஏப்ரலில் திடீரென மூடப்பட்டபோது, கிளப்புகள் புதிய லீகுகளைத் தேடி அலைந்தன. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அருகிலேயே சான்று உண்டு: கோவையைக் களமாகக் கொண்டு 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி எஃப்.சி., சில ஆண்டுகளிலேயே தேசிய லீகுகளிலிருந்து மறைந்தது.

ஐ.எஸ்.எல். தொடரும் உறுதியான இலக்காக இல்லை. ஒளிபரப்பு, வணிக உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் 2025 ஜூலையில் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. முதுநிலை அணிகளே தவித்தன.

இந்நிலையில் புனே கிளப்புகளுக்கு நடைமுறையில் பொருந்துவது கலப்பு முறையே எனத் தோன்றுகிறது: 13 வயதுக்குட்பட்டோர் மாவட்டப் போட்டிகளில் நிறைய ஆடுவது, 15-க்கு மேல், செலவைத் தாங்க முடிந்தால் மட்டும், தேசிய லீகில் நுழைவது. 18 வயதைக் கடந்தவர்களுக்கு நகரில் மீதமிருப்பது மாவட்ட லீகின் முதுநிலைப் பிரிவுகள். அதற்கு மேல் செல்ல விரும்புவோர் மும்பைக்கோ கோவாவுக்கோ பெட்டி கட்ட வேண்டியுள்ளது.