மூடுவதற்கு முன் ஒரு கேள்வி



நலிந்துபோன ஒரு கல்விக்கூடத்தை மூடிவிடலாமா, வேறொன்றுடன் இணைத்துவிடலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் திறக்கப்படுவது கணக்கேடுதான். இத்தனை மாணவர், இத்தனை ஆசிரியர், இவ்வளவு செலவு என்று கூட்டிக் கழித்துப் பார்த்ததும், 'இனி இது எதற்கு?' என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கூடம் யாருக்காகத் தொடங்கப்பட்டது, அவர்களுக்கு எந்தக் கதவு அடைக்கப்பட்டிருந்தது என்ற வரலாறு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. இம்மாதம் அதனைக் குறித்து உங்களோடு சிந்திக்க விழைகிறேன்.

2023ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் தமிழக நிதிநிலை அறிக்கையில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. ஆதிதிராவிடர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, அறநிலையத்துறை, வனத்துறை ஆகியவை நடத்திவரும் பள்ளிகள் யாவும் பள்ளிக் கல்வித்துறையின் கீழ்க் கொண்டுவரப்படும் என்பதே அது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் மட்டும் 1,100க்கு மேல். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் ஏறத்தாழ 300. 'தரம் உயரும்' என்று வரவேற்றோர் உண்டு. 'எங்கள் பள்ளியை எங்களிடமிருந்து பறிக்காதீர்கள்' என்று எதிர்த்தோரும் உண்டு.

அந்த அறிவிப்பு வெளியான சில வாரங்களில், 2023 மே மாதம், நிதித்துறைப் பொறுப்பு தங்கம் தென்னரசு அவர்களிடம் வந்தது. 2006 முதல் 2011 வரை பள்ளிக் கல்வி அமைச்சராகவும் இருந்தவர் அவர். விருதுநகரிலிருந்து காரியாபட்டி செல்லும் சாலையில் உள்ள மல்லாங்கிணறுதான் அவருடைய ஊர். இந்தக் கேள்விக்கு விடை தேட நாமும் அந்த வானம் பார்த்த பூமியிலிருந்தே தொடங்கலாம். ஏனெனில் தனிப் பள்ளி ஒன்று எப்போது தேவை, எப்போது தேவையற்றுப் போகும் என்பதை அந்த மாவட்டம் கண்முன்னே காட்டியிருக்கிறது.

மழை பொய்த்தால் பிழைப்பும் பொய்க்கும் அவ்வூர்களிலிருந்து, ஒரு காலத்தில் பொழுது விடியுமுன்னரே பிள்ளைகள் சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துத் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்கு வண்டி ஏறினார்கள். அச்சிறுவர்களுக்காகவே தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988இல் தொடங்கிற்று. அது முதன்முதலில் காலூன்றிய இடங்களுள் சிவகாசிப் பகுதியும் ஒன்று. ஆலையை விட்டு வந்த பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் அமைத்து, உணவும் உதவித்தொகையும் கொடுத்துப் படிக்க வைத்தார்கள். சிவகாசி குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்பது அத்தீர்ப்பு. பின்னர், 2021இல் அத்திட்டம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது.

இந்த இணைப்பைக் குறை கூற வேண்டியதில்லை. ஏனெனில் அச்சிறப்புப் பள்ளி ஒரு பாலம். ஆலையிலிருந்து பிள்ளையை அழைத்துவந்து பொதுப் பள்ளியில் சேர்ப்பதுதான் அதன் பணி. ஆலைகளில் பிள்ளைகளே இல்லாத நாளில் பாலத்தின் பணி முடிந்துவிடும். அப்போது அதனை மூடுவது வெற்றியே.

ஆனால் பணி முடிந்து மூடப்படுவது வேறு. பராமரிப்பாரின்றிப் பாழ்பட்டு மூடப்படுவது வேறு. முன்னதற்கு நன்றி சொல்லி விடைகொடுக்கலாம். பின்னதற்கு யாரேனும் பதில் சொல்லியாக வேண்டும். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் கதைக்கு வாருங்கள்.

ஊர்ப் பள்ளியின் திண்ணையில்கூட ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் உட்கார முடியாத காலம் ஒன்றிருந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாறில் அப்பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் திறந்தார். 1920ஐ ஒட்டிச் சென்னை மாகாண அரசு தொழிலாளர் ஆணையரை நியமித்து, அவர் பொறுப்பில் பள்ளிகளைத் தொடங்கிற்று. 'லேபர் பள்ளிக்கூடம்' என்று மக்கள் வழங்கிய அவையே பின்னாளில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாயின. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அதே காலத்தவை. குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் குண்டடிபட்டு மாண்டார்களே, அம்மக்களின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த பள்ளிகள் அவை. அடைத்த கதவுக்கு எதிரே திறந்த கதவுகள் இவை.

இன்று இவற்றுள் பலவற்றில் மாணவர் தொகை குறைந்திருப்பது உண்மை. ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடந்ததும், கட்டடங்கள் பழுதுபட்டதும் உண்மை. ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? அனுப்பவில்லை என்றதும், 'பிள்ளைகள் இல்லை, பள்ளி எதற்கு?' என்பது என்ன நியாயம்?

இது நம் நாட்டில் மட்டும் கேட்கும் குரலன்று. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கறுப்பின மக்களுக்காக 1896இல் ஓர் அரசுக் கல்லூரி தோன்றிற்று. அங்கே வெள்ளையருக்கென இருந்த கிளெம்சன் கல்லூரி 1963 வரை ஒரு கறுப்பின மாணவரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகமாக வளர்ந்த அந்தக் கறுப்பினக் கல்லூரி கடனில் மூழ்கியபோது, இரண்டாண்டுகள் அதனை மூடிவைக்கலாம் என 2015இல் சட்டமன்றக் குழு ஒன்று யோசனை கூறிற்று. எதிர்ப்பு வலுக்கவே அது நிறைவேறவில்லை. 2023 செப்டம்பரில் அந்நாட்டு மத்திய அரசின் கல்வி, வேளாண் அமைச்சர்கள் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அம்மாநிலங்களின் கறுப்பின நிலமானியப் பல்கலைக்கழகங்களுக்கு முப்பதாண்டுகளில் வந்து சேராமற்போன தொகை 1,200 கோடி டாலருக்கு மேல் என்று அதில் கணக்குக் காட்டினார்கள். தென் கரோலினாவும் அப்பட்டியலில் உண்டு. நோயாளியைப் பட்டினி போட்டுவிட்டு, 'மெலிந்துவிட்டான்' என்று குற்றம் சாட்டிய கதைதான்!

நம் சமுதாயத்திற்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. முதல் உலகப்போர் முடிவுற்ற காலத்தில், சென்னை மவுண்ட் ரோட்டில் மதரஸா-ஏ-ஆஸம் பள்ளி இருந்த வளாகத்தில், முஸ்லிம் மாணவர்களுக்கென அரசு முகம்மதியக் கல்லூரி உருவாயிற்று. நாடு விடுதலை பெற்றபின் 1948இல் அது எல்லோருக்குமான அரசுக் கலைக் கல்லூரியாக மாற்றப்பட்டது. பொதுவாக்கியதை நாம் பழிக்கவில்லை. அதே வளாகத்தில் 1974 முதல் காயிதே மில்லத் பெயரில் அரசு மகளிர் கல்லூரி நடக்கிறது. எளிய வீட்டுப் பெண்மக்கள் எத்தனையோ பேர் சாதி மத வேறுபாடின்றி அங்கே பட்டம் பெற்றுவருகிறார்கள்.

ஆயினும் 1948இல் நம் மூத்தோர் ஓய்ந்திருக்கவில்லை. தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியை நிறுவிற்று. அதே ஆண்டில் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரி எழுந்தது. 1956இல் உத்தமபாளையத்திலும், 1970இல் இளையான்குடியிலும், 1971இல் பாளையங்கோட்டையிலும் கல்லூரிகள் பிறந்தன. தோல் வணிகம் செய்தோரும் கடல் கடந்து பொருளீட்டியோரும் அள்ளிக் கொடுத்தார்கள்.

ஒரு கதவு போனபோது வேறு கதவுகளை அமைத்துக்கொள்ள நம்மிடம் வள்ளல்கள் இருந்தார்கள். கூலி வேலைக்குப் போய், சேரியில் குடியிருக்கும் ஒரு தகப்பனுக்கு அத்தகைய வள்ளல் யார் இருக்கிறார்? அவருக்கு அரசு ஒன்றுதான் வள்ளல். அரசும் கைவிட்டால் அவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

மறுதரப்பின் வாதத்தையும் நேர்மையோடு கேட்போம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவர் தங்கையும், உடன் படித்த மாணவர்களாலேயே வீட்டில் வைத்து வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துருவின் குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது, துறைவாரிப் பள்ளிகள் ஒரே துறையின் கீழ் வரவேண்டும் என்பன அதன் பரிந்துரைகளுள் சில. சாதிப் பெயரைப் பலகையில் சுமந்த பள்ளி பிள்ளையின் நெற்றியிலும் அதை எழுதிவிடுகிறது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. 2025 ஜூலையில் மாணவர் விடுதிகள் 'சமூகநீதி விடுதிகள்' என அழைக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்ததும் இந்த நோக்கில்தான்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. நாங்குநேரி மாணவர் படித்தது சாதிப் பெயர் தாங்கிய பள்ளியிலன்று. எல்லோரும் படிக்கும் பொதுப் பள்ளியில். பெயர்ப் பலகையை மாற்றுவது ஒரு நாள் வேலை. வகுப்பறையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் மனத்தை மாற்றுவது தலைமுறைப் பணி. முன்னது முடிந்ததும் பின்னதும் முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது.

ஆகவே பெயர் மாறட்டும், துறையும் மாறட்டும். அதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். அப்பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்ட நிதியும், ஆசிரியர் பணியிடங்களும், விடுதிகளும் குறைவின்றி அவர்களுடனேயே செல்லுமா? இணைப்பு என்று தொடங்கியது நாளை 'மாணவர் குறைவு' என்ற பெயரில் பூட்டாக முடியாது என்பதற்கு உறுதி உண்டா? பூட்டப்பட்டால், மறு பள்ளி ஒரு சிறுமி அச்சமின்றி நடந்து போகும் தொலைவில் இருக்கிறதா? மூன்றாவதைச் சிறிதென எண்ண வேண்டாம். பள்ளி தொலைவானால் முதலில் நிறுத்தப்படுவது பெண்பிள்ளையின் படிப்பு என்பது நம் வீடுகளும் அறிந்த செய்தியன்றோ?

வாசகப் பெருமக்களே! 'இது நம் பள்ளியன்று, நமக்கென்ன?' என்று இருந்துவிடாதீர்கள். பக்கத்துத் தெருவில் பூட்டப்படும் பள்ளியின் பிள்ளை அண்டை வீட்டுப் பிள்ளை. உங்கள் ஊர்க் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம் இருந்தால் பங்கு கொள்ளுங்கள். ஜமாஅத்தில் படித்த இளைஞர்கள் இருந்தால், ஆசிரியரில்லாத அப்பள்ளியில் மாலை வகுப்பெடுக்க அனுமதி பெற்று அனுப்புங்கள். ஆசிரியரை நியமித்துப் பார்த்தாயிற்றா, கூரையைச் செப்பனிட்டாயிற்றா, பெற்றோரை அழைத்துப் பேசியாயிற்றா? இவை அனைத்தும் செய்த பிறகும் வகுப்பறை வெறிச்சோடியிருந்தால், அப்போது மூடுவதைப் பற்றிப் பேசுவோம்.