முஸ்தபாவைத் தெரியுமா?

நாற்பதைத் தொட்டவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். ஒரு ரூபாயை வைத்துக்கொண்டு வீடியோ கேம் கடையில் வரிசையில் நின்ற காலம். காப்காம் என்ற ஜப்பான் நிறுவனம் 1993ல் வெளியிட்ட அந்த ஆட்டத்தின் நிஜப் பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. அதையெல்லாம் யார் சொல்வது? நான்கு நாயகர்களில் ஒருவனான முஸ்தபாவின் பெயரையே ஆட்டத்துக்கும் வைத்துவிட்டோம்!

அது கும்பலை அடித்து முன்னேறும் வகை. நேருக்கு நேர் மோதும் வகைக்கு இலக்கணம் வகுத்தது, அதே நிறுவனத்தின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' (1991). கையை ரப்பர்போல நீட்டி, வாயால் நெருப்பு கக்கும் தல்சிம் என்ற இந்திய யோகியும் அதில் உண்டு. (எந்த யோகா கிளாஸில் கற்றாரோ!) அடிமேல் அடியாக விழும் 'காம்போ'வை யாரும் திட்டமிடவில்லை. சோதனையின்போது கண்ணில் பட்ட கோளாறு அது. நன்றாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

1992ல் வந்த 'மார்ட்டல் காம்பாட்'டில் ரத்தம் தெறித்தது. அமெரிக்க செனட் வரை விவாதமாகி, 1994ல் அங்கே கேம்களுக்கு வயது முத்திரை வந்தது. பிள்ளைகளுக்கு வாங்குமுன் அந்த முத்திரையைப் பாருங்கள். பிறகு 'விர்சுவா ஃபைட்டர்', 'டெக்கன்' என்று ஆட்டம் முப்பரிமாணத்துக்கு மாறியது.

எதிராளியின் அசைவைப் பார்த்துக் கால் விநாடிக்குள் பதிலடி தரவேண்டும். நெட் கொஞ்சம் தடுமாறினாலும் போச்சு. அதனால்தான் பக்கத்தில் ஆள் வேண்டும். 2019ல் ஜப்பானிலும் லாஸ் வேகஸிலும் டெக்கன் பட்டம் வென்ற அர்ஸ்லான் ஆஷ், லாகூர் கேம் கடைகளில் வளர்ந்தவர். 2023ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கே தங்கப் பதக்கம் தந்தார்கள். வென்ற தென்கொரியர் கிம் குவான்-வூவுக்கு வயது 44! நம் நாட்டிலிருந்தும் இருவர் போனார்கள், பதக்கம் இல்லை.

எங்கள் கீழ்க்கட்டளையில் டியூஷன் சென்டருக்கும் பிரியாணிக் கடைக்கும் பஞ்சமில்லை. இரண்டு பிள்ளைகள் தோள் உரச உட்கார்ந்து ஆட ஓர் இடம் என் கண்ணில் படவில்லை. ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை. வீட்டில் கேம் ஓடும் கம்ப்யூட்டர் இருந்தால் இரண்டு கன்ட்ரோலர் வாங்கி டிவியில் மாட்டுங்கள். கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினாலே முதல் ரவுண்டில் அம்மா ஜெயித்துவிட வாய்ப்பு உண்டு.