தராசைப் பார்க்கிறவர்கள் மீற்றரையும் பார்க்கட்டும்!



பெக்டரியில் ரோலர் மோட்டார் எரிந்தால் முதலில் வரும் கேள்வி, "அந்த நேரம் வேலையில் நின்றது யார்?" மோட்டார் எத்தனை அம்பியர் இழுத்தது என்று நிர்வாகம் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

ஒவ்வொரு மோட்டாரிலும் ஒரு தகடு உண்டு. அது தாங்கும் அம்பியர் அதிலே இருக்கிறது. மோட்டார் ஓடும்போதே, வயரைக் கவ்விப் பிடிக்கும் மீற்றரால் அதை அளக்கலாம். தகட்டிலுள்ள அளவைத் தாண்டினால் உள்ளே சுருள் சூடேறும். 10 பாகை கூடினால் சுருளின் காப்பு உழைக்கும் காலம் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கணக்கு. பெயாரிங் இறுகினாலும், ரோலரில் கொழுந்தை அளவு மீறிப் போட்டாலும், மூன்று வயரில் ஒன்று விட்டுப்போனாலும் மீற்றர் காட்டிக்கொடுக்கும். அதைத் தினமும் எழுதாதது நிர்வாகம். பழி மட்டும் ரோலர்காரருக்கா?

மறுபக்கமும் உண்டு. கொழுந்து குறைந்த நாளிலும் வாட்டும் தொட்டியின் விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்சாரச் செலவு ஏறக்குறையப் பாதியாகும். இந்த வீண்செலவைப் பேசாத கம்பனிகள், உற்பத்திச் செலவு என்றதும் நம் சம்பளத்தையே காட்டுகின்றன. 2021இல் 1,000 ரூபாவை எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள். 2024இல் 1,350 ரூபாவுக்கும் அதே புலம்பல்தான்.

1933இல் வெள்ளவத்தை நூல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கொல்வின் ஆர். டி சில்வா அவர்களின் சங்கத் தலைவராக நின்றார். இயந்திரத்தோடு நின்றவர்கள் வாய் திறந்த ஊர் அது. இன்று நாம் படிப்பித்த பிள்ளைகள் அதே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் காலை முதல் இரவு வரை நிற்கிறார்கள். மின் வேலை பழக்கினால், சொந்தத் தோட்டத்து பெக்டரியில் அவர்களுக்கு வேலை இல்லையா?

நம் கோரிக்கை மூன்று:

1. ஒவ்வொரு மோட்டாரின் அம்பியரையும் தினமும் எழுதி, எல்லாரும் பார்க்கும் பலகையில் போட வேண்டும்.
2. அந்தப் பதிவைப் பார்க்காமல் எந்தத் தொழிலாளிமீதும் விசாரணை வைக்கக்கூடாது.
3. தோட்டத்து இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு மின் பயிற்சி கொடுக்க வேண்டும்.

அளவுக்கு மீறி ஏற்றினால் இரும்பே எரிகிறது. அந்த இரும்புக்குத் தகட்டில் எல்லை எழுதியிருக்கிறது. கூடை சுமக்கும் நம் பெண்களுக்கு எந்தத் தகட்டில் எழுதியிருக்கிறது? கிலோ குறைந்தால் அரைப்பேர் போடத் தராசை உற்றுப் பார்க்கிறவர்கள், இனி மீற்றரையும் பார்க்கட்டும்!