வார்டை ஆள்பவள் வாயிலில் நிற்கிறாள்



"எம் நாட்டிலே நர்சுகள் போதவில்லை" என்று அமெரிக்கத் தொழிலாளர் துறையே தன் விதியில் எழுதி வைத்திருக்கிறது. 'ஷெட்யூல் ஏ' என்பது அதன் பெயர். பிற தொழிலுக்கு வெளிநாட்டாரை அழைக்கும் முதலாளி, விளம்பரம் செய்து, உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லையென மெய்ப்பித்தாக வேண்டும். நர்சுக்கு அது வேண்டாம். ஊதிய நிர்ணயம், பணியிடத்திலே ஓர் அறிவிப்பு, பிறகு ஐ-140 மனு, முடிந்தது! எத்துணை தாராளம்! கதவு அகலத் திறந்திருக்கிறது என்றுதானே எண்ணுவீர்?

உள்ளே நடக்கும் காட்சியைக் காண்பீர்.

"உன் பணி?"

"இருபது ஆண்டாக நர்ஸ். பத்து ஆண்டாக வார்டுக்குத் தலைமை."

"பட்டம்?"

"மூன்றாண்டுப் பட்டயம்."

"பட்டம் இல்லையா? மூன்றாம் வகை! அடுத்தவர் வரலாம்."

இரண்டாம் வகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். அன்றேல் இளங்கலையும் அதன்பின் ஐந்தாண்டு வளர்முக அனுபவமும் வேண்டும். அது அவளிடம் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பதவிக்கே அத்தகுதி தேவையென மனு சொல்ல வேண்டும். மனுவோ அவளுடையதன்று, முதலாளியுடையது! பதவியின் தகுதியை எழுதுபவரும் அவரே. நள்ளிரவில் நோயாளி மூச்சுத் திணறும்போது யாரை எந்தப் படுக்கைக்கு அனுப்புவதென முடிவு செய்கிறாளே, அந்தத் திறனுக்குப் படிவத்திலே கட்டமே இல்லை.

"நிர்வாகத்துக்குப் படிப்பு வேண்டாமா?" என்பர் சிலர். வேண்டும், ஐயா! நாம் படிப்பை இகழ்கிறவர்களல்லர். ஆனால் உரிமத் தேர்வும், ஆங்கிலத் தேர்வும், தகுதிச் சான்றும் கேட்டு அவளை அளந்தாயிற்றே! நேற்றுத் தேறிய இளம் நர்சுக்கும் வார்டை நடத்துபவளுக்கும் ஒரே வரிசை என்றால், அளந்தது எதற்கு?

தற்காலிக வழியாவது உண்டா? 1989இல் நர்சுக்கென்றே ஒரு விசா கண்டனர், 1995இல் மூடினர். 1999இல், மருத்துவ வசதி குன்றிய பகுதிகளுக்கென ஆண்டுக்கு 500 பேர் என்று மற்றொன்று. 2009இல் அதற்கும் பூட்டு! எச்-1பி சாதாரண நர்சுக்குப் பெரும்பாலும் கிட்டாது. பட்டம் கோரும் நிர்வாகப் பதவியென நிறுவினால் கிட்டலாம். அங்கும் பட்டம்தான்!

சரி, இரண்டாம் வகையே கிடைத்தது என்று கொள்வோம். இந்தியாவிலே பிறந்தவளாயின் என்ன பயன்? இன ஒதுக்கீட்டை 1965இல் ஒழித்தோம் என்று பெருமை பேசும் நாடு, எந்த நாட்டுக்கும் 7 சதவிகிதத்துக்கு மேல் இல்லையென வரம்பு வைத்திருக்கிறது. கோடிக்கணக்கில் மக்கள் வாழும் இந்தியாவுக்கும் 7. கையளவு தீவுக்கும் 7! இரண்டாம் வகையாயினும் மூன்றாம் வகையாயினும் இந்தியருக்குப் பத்தாண்டுக்கு மேல் காத்திருப்பு. (2020 இறுதியில் மூன்றாம் வகை இரண்டாம் வகையை முந்திய வேடிக்கையும் நடந்தது. உயர்தகுதிக்கு நீண்ட வரிசை!)

ஆள் போதவில்லை என்று எழுதியதும் அந்த அரசே. பத்தாண்டு நில் என்பதும் அந்த அரசே. அதற்குள் அவள் மகனுக்கு 21 வயது நிறைந்துவிட்டால், தாயோடு செல்லும் உரிமை அவனுக்குப் போய்விடும். வயதைக் கணக்கிடும்போது மனு அலுவலகத்திலே பரிசீலனையில் கிடந்த நாட்களைக் கழித்துத் தருவார்கள். வரிசையில் நின்ற ஆண்டுகளைக் கழிக்கமாட்டார்கள்.