சோதனை பாதியில் நிற்கக் கூடாது

வல்லக்கோட்டை முருகன் கோயிலிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வண்டிகளை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் வசதி அங்கே உண்டு. சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் உதிரி பாகங்களுக்கு பேட்ச் எண் இடுகிறார்கள். பழுது தெரிந்தால் அந்த பேட்ச் முழுவதையும் நிறுத்திவைக்கிறார்கள். வயல் வரப்பில் முளைக்கும் காமாலை மூலிகையான கீழாநெல்லி, சாறாகவும் மாத்திரையாகவும் கடைக்கு வரும்போது இந்தக் கண்டிப்பு ஏன் இல்லை?

மூலிகையை முறையாகச் சோதிக்க முடியும் என்பதைத் தமிழகமே காட்டியிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழு, கீழாநெல்லியை முதலில் ஆய்வகத்தில் ஆராய்ந்தது; பிறகு ஹெபடைட்டிஸ்-பி தொற்று நீடிப்பவர்களுக்கு அதன் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்தது. முடிவு 1988இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில், தொற்றைக் காட்டும் வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜன் மறைந்திருந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நடந்தது.

பின்னர் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. உறுதியான சான்று இல்லை என்றது, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட 2011இன் காக்ரேன் மதிப்பாய்வு. செடியின் இனம், மண், பறித்த பருவம், பதப்படுத்திய முறை எது மாறினாலும் அதிலுள்ள சேர்மங்களின் அளவு மாறும். எது பலன் தந்தது, எது தரவில்லை என்று துருவிப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கடைச் சரக்கோ பழைய நல்ல செய்தியை மட்டும் சுமந்துகொண்டு விற்பனையாகிறது.

தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டதற்குச் சோதனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பாட்டி கொடுத்தது, பச்சையாக அரைத்து மோரில் கலக்கிய முழுச் செடி. ஆல்கஹாலில் பிரித்துச் செறிவாக்கிய சாற்றுக்கு அந்த அனுபவம் பிணை நிற்காது. மேலும், ஹெபடைட்டிஸ்-ஏ காமாலை பெரும்பாலும் தானே தணியும். குணமானதற்கான பெயர் மருந்துக்குப் போய்விடும். நாள்பட்ட ஹெபடைட்டிஸ்-பி அப்படி விடாது. சத்தமில்லாமல் கல்லீரலை அரித்து, சிரோசிஸிலும் புற்றுநோயிலும் கொண்டுபோய் நிறுத்தலாம். வெறும் நம்பிக்கையில் கழியும் மாதங்களுக்கு நோயாளி உயிரையே விலையாகக் கொடுக்க நேரலாம்.

ஆகவே மூன்று காரியங்கள் நடக்க வேண்டும். ஒவ்வொரு பேட்ச்சிலும் முக்கியச் சேர்மங்களின் அளவு, ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றின் சோதனை முடிவைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுவதைச் சட்டக் கட்டாயமாக்க வேண்டும். ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று அச்சிடுபவர், சோதனைக் குழாயிலா, எலியிலா, மனிதரிலா, மனிதரில் என்றால் எத்தனை பேரிடம் என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும். தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் கல்லீரல் மருத்துவர்களோடு சேர்ந்து, கீழாநெல்லியைப் பெரிய அளவில் மனிதரிடம் சோதித்து, சாதகமோ பாதகமோ முடிவை அப்படியே வெளியிட வேண்டும். விற்பவர் தரும் பணத்தில் அந்த ஆய்வு நடக்கக் கூடாது. முழுச் செலவையும் அரசே ஏற்க வேண்டும்.