பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர்

இரவில் ரோடு சரியாகத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால், ஹெட்லைட் ஃபோகஸ் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. வீல் அலைன்மென்ட் செய்த மாதத்தைச் சொல்வார்கள், ஆயில் மாற்றிய கிலோமீட்டரைச் சொல்வார்கள், பேட்டரி வாங்கிய கடையைக்கூடச் சொல்வார்கள். விளக்கு எந்த உயரத்தில், எந்தத் திசையில் அடிக்கிறது என்பதை மட்டும் வண்டி வாங்கிய நாளிலிருந்து பார்த்திருக்க மாட்டார்கள். ரோடு தெரியாதவர் நேரே உதிரிபாகக் கடைக்குப் போகிறார். கூடுதல் வாட் பல்போ, எல்.இ.டி. செட்டோ வாங்கி மாட்டுகிறார். அது எதிரே வருகிறவரின் கண்ணைக் கூச வைக்கிறது. மறுவாரம் அவரும் அதே மாதிரி ஒரு கடைக்குப் போகிறார்.

பொங்கலுக்கு ஊர் கிளம்பும் வாரம் இது. வேலை முடிந்து, போக்குவரத்து நெரிசலுக்குப் பயந்து, பலரும் இரவில்தான் புறப்படுவார்கள். ஆகவே இந்த வாரம் இந்த ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இருக்கிற வெளிச்சம் விழவேண்டிய இடத்தில் விழுந்தாலே நம்மில் பலருக்குப் போதும்.

டிம் என்று நாம் சொல்லும் லோ பீமை ஒரு சுவரில் அடித்துப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோடு கிழித்தாற்போல் இருக்கும். கோட்டுக்கு மேலே இருட்டு, கீழே வெளிச்சம். அந்தக் கோடு வலப்பக்கம் படுக்கையாக ஓடும். இடப்பக்கம் சற்று மேலேறும். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் வந்த அமைப்பு இது. வலப்பக்கத்தில் எதிரே வருகிறவரின் கண் இருக்கிறது, அங்கே வெளிச்சம் தாழ்ந்திருக்க வேண்டும். இடது ஓரத்தில் நடந்து போகிறவர், சைக்கிள்காரர், மைல்கல், பாலத்தின் கைப்பிடிச்சுவர் எல்லாம் இருக்கின்றன, அங்கே வெளிச்சம் எட்டிப் போக வேண்டும். ஒரே விளக்குக்குள் இரண்டு பேருக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். இதை உருவாக்கிய பொறியாளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

தைப்பூசம் நெருங்க நெருங்க அந்த இடது ஓரத்தின் அருமை தெரியும். காரைக்குடிப் பக்கத்திலிருந்து நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்கள் வெயிலுக்கு முன்பே தூரத்தைக் கடந்துவிட நினைப்பார்கள். விடியுமுன்பே கிளம்பி, பொழுது சாய்ந்த பிறகும் நடப்பார்கள். பலர் உடுத்தியிருப்பது பச்சையோ காவியோ, இருட்டில் இரண்டும் ஒன்றுதான். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர், காவடியோடு ஒருவர், கால் வலித்து மண்பாதையை விட்டுத் தாரில் ஏறி நடக்கும் வயதான அம்மா ஒருவர். முதுகில் ஒட்டிக்கொள்ள ஒளிரும் ஸ்டிக்கர் கொடுக்கும் நல்ல வழக்கம் வந்திருக்கிறது. ஆனால் ஸ்டிக்கருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நம் விளக்கு அதன்மேல் பட்டால்தான் மின்னும். இடப்பக்க விளக்கின் ஃபோகஸ் இறங்கியிருந்தால் அந்த அம்மாவின் முதுகுக்கு நம் வெளிச்சம் சரியாகப் போய்ச் சேராது.

கணக்கைப் பார்ப்போம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. எதிரே ஏதோ இருக்கிறது என்று கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால், அதற்கே 33 மீட்டர் போய்விடும். காய்ந்த தார் ரோட்டில் அழுத்திப் பிடித்தாலும் வண்டி நிற்க இன்னும் 35 மீட்டர் அளவுக்கு வேண்டும். மொத்தம் எழுபது மீட்டர் வரும்.

இப்போது விளக்கு. சாதாரணக் காரில் ஹெட்லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். லோ பீமின் மேல்விளிம்பு ஒரு சதவீதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும் என்பது பல கார்களுக்குப் பொருந்தும் அளவு. அதாவது பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் இறக்கம். இந்தக் கோடு 70 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்தத் தேவையான தூரமும் அதுவேதான். சரிவு ஒன்றிலிருந்து இரண்டு சதவீதமாகிவிட்டால் வெளிச்சம் 35 மீட்டரிலேயே முடிந்துவிடும். அதே வேகத்தில், கால் பிரேக்கைத் தொடும்போது வெளிச்சத்தின் எல்லைக்கே வந்துவிட்டிருப்போம்.

இதில் ஆபத்தான விஷயம், இறங்கிப்போன ஃபோகஸ் ஓட்டுகிறவருக்கு நல்ல வெளிச்சமாகத் தோன்றும் என்பது. வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பளிச்சென்று இருக்கும். கண் அந்தப் பளபளப்புக்குப் பழகிக்கொள்ளும்; அதற்கு அப்பால் இருக்கிற இருட்டு இன்னும் கறுப்பாகும். பம்பருக்கு முன்னால் கொட்டும் வெளிச்சத்தை வைத்து விளக்கை எடை போடக்கூடாது. தூரத்தில் இடதுபக்க வெள்ளைக்கோடு எதுவரை தெரிகிறது என்று பாருங்கள்.

மேலே ஏறிய ஃபோகஸின் கதை வேறு. பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பும் காரை நினைத்துக்கொள்ளுங்கள். டிக்கியில் அரிசி மூட்டை, தேங்காய், ஒரு வாழைத்தார். பின்சீட்டில் மூன்று பேர். வண்டியின் பின்பக்கம் ஐந்து சென்டிமீட்டர் தாழ்ந்தால் போதும். இரண்டரை மீட்டர் வீல்பேஸில் அது இரண்டு சதவீதச் சாய்வு. ஒரு சதவீதம் கீழே பார்த்துக்கொண்டிருந்த விளக்கு ஒரு சதவீதம் மேலே பார்க்கத் தொடங்கும். 50 மீட்டர் தூரத்தில் அதன் மேல்விளிம்பு 120 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். எதிரே சிறிய காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் கிட்டத்தட்ட அதே உயரம்தான். நீங்கள் ஒழுங்காக டிம்மில்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். அவருக்கு நீங்கள் ஹை பீமில் வருவதாகவே தெரியும். அவர் கோபத்தில் பிரைட் அடிப்பார். நீங்களும் பதிலுக்கு அடிப்பீர்கள்.

இதற்குத்தான் பெரும்பாலான கார்களில் ஸ்டீயரிங் பக்கத்தில், டாஷ்போர்டின் ஓரத்தில், 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் வைத்திருக்கிறார்கள். எண் கூடினால் வெளிச்சம் கூடும் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். எண் கூடக் கூட விளக்கு கீழே இறங்கும். தனியாகவோ முன்சீட்டில் ஒருவரோடோ போகும்போது 0. எல்லா சீட்டிலும் ஆள் இருந்தால் பொதுவாக 1, அதோடு டிக்கியும் நிறைந்தால் 2 அல்லது 3. வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். காரோடு வந்த கையேட்டில் அட்டவணையாகவே போட்டிருப்பார்கள். எல்லோரும் ஏறி ஊருக்குப் போகும்போது 1, அரிசி மூட்டையோடு திரும்பும்போது 2. விரலால் ஒரு திருப்பு, அவ்வளவுதான் வேலை. அரிசியை இறக்கிய பிறகு மறக்காமல் பழையபடி 0-க்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் முன்பு சொன்ன இறங்கிய ஃபோகஸோடு அடுத்த பொங்கல் வரை ஓட்டிக்கொண்டிருப்போம்.

திண்டுக்கல்லில் இருக்கும் என் அத்தை மகன், நத்தம் ரோட்டில் இரவில் ஓட்டவே பயமாக இருக்கிறது, எல்.இ.டி. போட்டுவிடலாமா என்று கேட்டார். இருவரும் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனோம். அவர் பானெட்டைத் திறக்கும் முன் டயர் காற்றைப் பார்த்தார், டிக்கியைக் காலி செய்யச் சொன்னார், வண்டியைச் சுவருக்கு நேராக நிறுத்தினார். இறங்கப்போனவரிடம், "நீங்க சீட்லயே உக்காருங்கண்ணே, ஆள் வெயிட் இருக்கணும்" என்றார். விளக்கைப் போட்டதும் விஷயம் தெரிந்துவிட்டது. இடது விளக்கின் கோடு வலதைவிட ஒரு சாணுக்கு மேல் கீழே கிடந்தது. "பல்பு நல்லாத்தான் இருக்கு. பம்பர் வேலை பாத்தப்ப லைட்டக் கழட்டி மாட்டிருக்காங்க, ஃபோகஸ் வைக்காம விட்டுட்டாங்க" என்றார். சாக்பீஸால் சுவரில் கோடு போட்டு, விளக்குக்குப் பின்னால் இருக்கும் திருகை ஸ்குரூ டிரைவரால் மெல்லத் திருப்பி, கோட்டுக்குக் கொண்டுவந்தார். புது பல்பு எதுவும் வாங்கவில்லை. அன்று இரவு நத்தம் ரோட்டில் இடது ஓரத்துப் புளியமரங்கள் அடியிலிருந்து வரிசையாகத் தெரிந்தன.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மேடுபள்ளமில்லாத தரை வேண்டும். டயரில் சரியான காற்று, டிக்கி காலி, ஓட்டுநர் சீட்டில் ஒருவர், சின்னச் சக்கரம் 0-ல். வண்டியைச் சுவரை ஒட்டினாற்போல் கொண்டுபோய், இரண்டு விளக்குகளின் நடுப்புள்ளிக்கும் நேராகச் சுவரில் டேப் ஒட்டுங்கள். பிறகு நேராகப் பின்னால் எடுத்து பத்து மீட்டரில் நிறுத்துங்கள். லோ பீமின் மேல்விளிம்பு டேப்புக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். ஐந்து மீட்டர் இடம்தான் இருக்கிறதென்றால் ஐந்து சென்டிமீட்டர். இடப்பக்கம் மேலேறும் அந்த முழங்கை போன்ற திருப்பம், விளக்குக்கு நேர் முன்னால் இருக்க வேண்டும். வலப்பக்கம் நகர்ந்திருந்தால் எதிரே வருகிறவருக்குக் கூசும். உங்கள் காரின் கையேட்டிலோ, பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் லேபிளிலோ வேறு சதவீதம் போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். விளக்கு உயரமாக இருக்கும் எஸ்.யூ.வி.களுக்குச் சரிவு இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும். திருகு எது என்று தெரியாவிட்டால் கை வைக்காதீர்கள். பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்தால் முழு விளக்கையும் மாற்றச் சொல்வார்கள். சோதனையை நீங்கள் செய்துவிட்டு, திருத்துவதை எலக்ட்ரீஷியனிடம் விடலாம்.

எல்.இ.டி. பல்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹாலஜன் எச்4 பல்புக்குள், லோ பீம் இழைக்கு அடியில் ஒரு குட்டித் தகரக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் பட்டுக் கீழ்நோக்கித் திரும்பும்படி அது மறைக்கிறது. இழை இருக்கும் இடத்தை வைத்தே ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவையும் கணக்கிட்டிருக்கிறார்கள். கடையில் வாங்கும் எல்.இ.டி.யில் சிப் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் அந்தக் கோடு கலைந்து, வெளிச்சம் எல்லாத் திசையிலும் சிதறும். திருகை எவ்வளவு திருப்பினாலும் அதைச் சரிசெய்ய முடியாது. கம்பெனியிலேயே எல்.இ.டி.யோடு வரும் கார்களின் விளக்கு முழுவதும் அதற்கென்றே வடிவமைத்தது. அதை இதோடு சேர்க்கக் கூடாது. உற்பத்தியாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் தடுக்கிறது.

ஹெட்லைட்டின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வழக்கம் நம் ஊரில் நெடுநாளாக உண்டு. சோதனைச்சாவடியில் நிறுத்தி ஒட்டியும் விடுவார்கள். நோக்கம் நல்லது. ஆனால் ஸ்டிக்கர் வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைக்கும், கோணத்தை மாற்றாது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி கோணத்தைத்தான் பேசுகிறது. விளக்கு நிரந்தரமாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டுநர் கீழே இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 8 மீட்டர் தள்ளி, வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலகி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூச வைக்கக் கூடாது என்கிறது. 8 மீட்டரில் கூசாமல் 50 மீட்டரில் கூசலாம் என்பதை மேலே பார்த்தோம். இந்த விதியை இறுக்கிச் சதவீதக் கணக்கில் எழுதினால் நல்லது என்பது என் கருத்து.

நான்குவழிச் சாலையில் சென்டர் மீடியனில் வளர்ந்திருக்கும் அரளி நமக்காக எதிர் வெளிச்சத்தை மறைக்கிறது. இருவழிச் சாலையில் அந்த உதவி கிடையாது. ஓட்டுகிறவர்களின் ஒழுங்கு மட்டும்தான் அங்கே மறைப்பு. பைக் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2017 ஏப்ரலிலிருந்து வரும் இருசக்கர வண்டிகளில் விளக்கு எப்போதும் எரிகிறது. பின்னால் ஆள் ஏறினால் அதன் ஃபோகஸும் மேலே போகும். மெக்கானிக்கிடம் சொன்னால் சில நிமிடங்களில் சரிசெய்து தருவார்.

எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும் லாரிக்கும் பஸ்சுக்கும் விளக்கைச் சோதிக்கிறார்கள். சொந்தக் காருக்குப் பதிவு செய்ததிலிருந்து பதினைந்து ஆண்டுவரை அந்தச் சோதனை இல்லை. அதுவரை பார்க்க வேண்டியவர்கள் நாம்தான். பொங்கலுக்கு முன் வண்டியை சர்வீசுக்கு விடுகிறவர்கள், ஜாப் கார்டில் வீல் அலைன்மென்ட்டுக்கு அடுத்த வரியில் ஹெட்லைட் ஃபோகஸ் என்று எழுதச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்போது, அதைப் பார்த்தார்களா என்று கேட்ட பிறகு பணம் கட்டுங்கள்.