மார்க் போடுவது யார்?

2015 செப்டம்பரில், உலக மோட்டார் கம்பெனிகளிலேயே 'நிலைத்த வளர்ச்சி'யில் முதலிடம் ஜெர்மனியின் வோக்ஸ்வேகனுக்கே என்று டோ ஜோன்ஸ் குறியீட்டின் மதிப்பீட்டாளர்கள் தீர்ப்புக் கூறினார்கள். நூற்றுக்கு 91 மார்க்! அதே மாதம் 18-ந் தேதி அமெரிக்க சுற்றுச்சூழல் இலாகா அக்கம்பெனியின் குட்டை உடைத்தது. வண்டி பரிசோதனைக் கூடத்தில் ஓடுகிறதா, வீதியில் ஓடுகிறதா என்று கண்டுகொள்ளும் கள்ள சாப்ட்வேர் அதன் டீசல் கார்களில் புகுத்தப்பட்டிருந்தது. கூடத்தில் பரம சாது. வீதிக்கு வந்தால் சட்டம் அனுமதித்ததைப் போல 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்ஸைடு. இத்தகைய வண்டிகள் உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம். அக்டோபரில் பட்டியலிலிருந்து பெயரை அடித்தார்கள்.

மார்க் போட்டவர்கள் இதைக் கண்டுபிடிக்கவில்லை. மேற்கு வர்ஜீனியா சர்வகலாசாலையின் ஒரு சிறு குழு, கருவியைக் காரிலேயே ஏற்றி ரோட்டில் ஓட்டிப் பார்த்து 2014-ல் தந்த அறிக்கையிலிருந்துதான் விவகாரம் கிளம்பியது. மதிப்பீட்டாளர்களோ கம்பெனி பூர்த்தி செய்து அனுப்பிய கேள்வித்தாளைப் பெரிதும் நம்பினார்கள். திருடனையே சாட்சிக்குக் கூப்பிட்ட கதை!

இன்று இந்த மதிப்பீட்டுக்குப் பெரிய கணித சாஸ்திரமே இருக்கிறது. புகை, தண்ணீர், லாபம், தொழிலாளர் நலம் என்று பல அளவுகோல்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு 'எடை' கொடுத்து, பெருக்கிக் கூட்டிக் கம்பெனிகளை வரிசைப்படுத்துகிறார்கள். கணக்கு நமக்குப் பகையல்ல. ஆனால் அந்த எடை எங்கிருந்து வருகிறது?

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு கம்பெனிக்குப் புகைக் கட்டுப்பாட்டில் 90, லாபத்தில் 90, தொழிலாளர் நலத்தில் 20. மற்றொன்றுக்கு 60, 60, 85. எடை 40, 40, 20 என்று வைத்தால் முதல் கம்பெனிக்கு 76, இரண்டாவதற்கு 65. எடையை 30, 30, 40 என்று மாற்றுங்கள்: முதலாவது 62, இரண்டாவது 70. பாக்டரியில் ஒரு ஆணிகூட அசையவில்லை, வரிசை தலைகீழாகிவிட்டது. எடையை நிர்ணயிப்பவர்கள் 'நிபுணர்கள்' என்கிறார்கள். அந்த நிபுணர் சபையில் அசெம்பிளி லைனில் நிற்கும் தொழிலாளிக்கு நாற்காலி உண்டா?

இதைவிடப் பெரிய மோசம் ஈடுகட்டும் வித்தை. கூட்டல் கணக்கில் ஒன்றில் செய்த பாவத்தை மற்றொன்றின் புண்ணியம் மூடிவிடுகிறது. காங்கோ நாட்டில் குழந்தைகள் கோபால்ட் தோண்டுவதை 2016-ல் ஆம்னெஸ்டி அம்பலப்படுத்தியது. பாட்டரிக் காருக்கு வேண்டிய சரக்கு அது. குழந்தையின் உழைப்பைப் புகையில்லாத எஞ்சினால் ஈடுகட்ட எந்தக் கணிதத்துக்கும் உரிமையில்லை. இதற்கு வழி கணிதத்திலேயே இருக்கிறது. பிரான்சில் பெர்னார்ட் ராய் 1960-களில் தொடங்கிய எலெக்டர் முறையில் 'வீட்டோ' உண்டு: ஓர் அளவுகோலில் எல்லை மீறித் தாழ்ந்தால், மற்றவை எவ்வளவு உயர்ந்தாலும் செல்லாது. கம்பெனிகள் விரும்பும் பட்டியல்களில் இதைக் காண்பது அபூர்வம்.

வோக்ஸ்வேகன் 2017-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, கிரிமினல் அபராதமாக மட்டும் 280 கோடி டாலர் கட்டியது. அதற்கு முன்பே, 2016 நவம்பரில், 30,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்துவிட்டது. கட்டாய நீக்கம் இல்லை என்று சமாதானம் சொன்னார்கள். காலியாகும் இடத்தில் நாளை வேலைக்கு வரவேண்டிய இளைஞனுக்கு அது என்ன சமாதானம்?

நம் நாட்டிலும் 2022-23 முதல் பங்குச் சந்தையின் முதல் 1000 கம்பெனிகள் பொறுப்பு அறிக்கை தரவேண்டும் என்று செபி கட்டாயமாக்கியிருக்கிறது. நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, நிரந்தரமல்லாதோர் எத்தனை, சங்கத்தில் எத்தனை பேர் என்ற கேள்விகள் அதில் உள்ளன. நல்லது. ஆனால் பங்குச் சந்தையில் பதியாத அந்நிய மோட்டார் கம்பெனிகளுக்கு இது பொருந்தாது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தோழர்களுக்கு இதன் அர்த்தம் விளங்கும்.

எனவே நாம் கோருவது: பதியாத கம்பெனிகளும் இவ்வறிக்கை தரவேண்டும். எடை நிர்ணயிப்பதில் தொழிற்சங்கங்களுக்கு இடம் வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமையை மறுப்பதும் குழந்தை உழைப்பும் வீட்டோவாக வேண்டும். மோட்டார்த் தொழில் சங்கங்கள் தங்கள் கம்பெனியின் அறிக்கையை எடுத்து, அதிலுள்ள காண்ட்ராக்ட் தொழிலாளர் எண்ணிக்கையையும் ஷிப்டுக்குக் கேட்டில் நுழைவோரின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு நமக்கு எழுதியனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.